உப்பும் சர்க்கரையும் கோயிலுக்கு ஆகாதா?

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மறையுரையில், ஒரு லிட்டர் நீரில் எவ்வளவு உப்பு, எவ்வளவு சர்க்கரை கலக்க வேண்டும் என்று கால்மணி நேரம் பேசினோம். திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைவதற்குள்ளாகவே பங்குப் பேரவையின் மூத்தவர் ஒருவர் சக்கிறீஸ்து அறைக்குள் வந்துவிட்டார். "சாமி, வயித்துப்போக்குக்கு என்ன குடிக்கணும்னு சொல்ல அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கு. கோயில்ல ஆன்மாவுக்கு வேண்டியதைச் சொல்லுங்க" என்றார். அவர் நல்ல மனிதர். முப்பது ஆண்டுகளாகத் திருவிழாக் கணக்கை ஒரு காசு பிசகாமல் எழுதி வருபவர். ஆகவே அவர் சொன்னதைத் தூக்கி எறிந்துவிட்டுப் போக நமக்கு மனமில்லை. எழுத்திலேயே விடை கூற விழைகிறோம்.

விவகாரம் உண்மையில் மறையுரையோடு தொடங்கவில்லை. நமது பங்கு வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை செல்லும் சாலையோரத்தில் அமைந்தது. ஆகஸ்டு இறுதி வாரத்தில் நம் கோயில் வாசலைக் கடந்து ஆயிரக்கணக்கானோர் நடக்கின்றனர். அவர்கள் யாரென்று நமக்குத் தெரியாது. காவியுடை அணிந்தவர்கள், கைக்குழந்தையோடு வருபவர்கள், பிற சமயத்தவர் எனப் பலரும் அதில் உண்டு. வெயிலிலும், வழியில் உண்ட ஏதோவொன்றினாலும், ஒவ்வோர் ஆண்டும் சிலர் வாந்தியும் பேதியுமாய்ச் சுருண்டு விழுகின்றனர். இவ்வாண்டு வரவேற்பு ஏற்பாட்டைப் பற்றிப் பேரவை கூடியபோது மின்விளக்கு வளைவுக்கும், ஒலிபெருக்கிக்கும், மூன்று வேளை அன்னதானத்துக்கும், உபயதாரர் படத்துடன் கூடிய பதாகைக்கும் தொகை ஒதுக்கப்பட்டது. நாம் கேட்டது ஒரு மேசை, காய்ச்சி ஆறிய நீர், ஒரு லிட்டர் அளவுச் சொம்பு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் சில நூறு, கலக்கத் தெரிந்த இரண்டு பெண்கள். "இதெல்லாம் சில்லறை விஷயம் சாமி" என்று அந்தப் பொருளை அடித்துவிட்டார்கள். அந்தச் சொல்லோடுதான் நமக்கு வழக்கு.

1971ஆம் ஆண்டை நினைவில் கொண்டோர் நம்மிடையே இன்னும் பலர் உண்டு. மார்ச் இறுதியில் கிழக்குப் பாகிஸ்தானில் இராணுவ ஒடுக்குமுறை தொடங்கியது. ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் அடைக்கலம் தேடினர். மழைக்காலம் வந்தது. சேறும் கழிவும் கலந்த முகாம்களில் காலரா புகுந்தது. எல்லையோரச் சிற்றூரான போங்காவின் மருத்துவமனைக்கு ஜூன் மாத இறுதியில் கல்கத்தாவிலிருந்து ஒரு மருத்துவர் போய்ச் சேர்ந்தார். பெயர் திலீப் மகலனாபிஸ். குழந்தை மருத்துவர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கல்கத்தாவில் நடத்திவந்த ஆய்வு மையத்தில் பணியாற்றியவர். அங்கே இரண்டு அறைகள். தரை முழுவதும் நோயாளிகள். ஒருவருக்கு நரம்பில் ஊசி ஏற்ற வேண்டுமெனில் அவர்களுடைய கழிவின் நடுவே முழங்காலிட வேண்டியிருந்தது என்று பின்னாளில் அவரே நினைவுகூர்ந்தார். நரம்பில் ஏற்றும் உப்புநீர்ப் புட்டிகள் தீர்ந்துகொண்டிருந்தன. ஏற்றத் தெரிந்தவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்க சிலர்.

அந்த நிலையில் அவர் என்ன செய்தார்? வானூர்தியில் புட்டிகள் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. கல்கத்தாவில் ஆய்வு மையத்தின் நூலக அறையைப் பொட்டலம் கட்டும் கூடமாக்கினார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று நிறுத்து, பாலித்தீன் பைகளில் இட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டினர். போங்காவில் அதைப் பீப்பாய்களில் நீரோடு கரைத்து வைத்தனர். நோயாளியுடன் வந்த தாய், தந்தை, தமக்கை, அண்டை வீட்டார் ஆகியோரே குவளையில் பிடித்துக் கொண்டுபோய்ப் புகட்டினர். மயங்கிச் சரிந்தவர்களுக்கு மட்டும் மிச்சமிருந்த புட்டிகள் காக்கப்பட்டன. மருத்துவமின்றி விடப்பட்ட கடுங்காலராவில் பாதிப்பேர் வரை மடியக்கூடும். அந்தக் குழு பேணிய 3,700 பேருக்கு மேற்பட்டோரில் மடிந்தவர்கள் நூற்றுக்கு நான்குக்கும் குறைவு.

இதிலுள்ள அறிவின் கூர்மையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். காலராவில் குடல் நீரை வெளியே கொட்டிக்கொண்டே இருக்கிறது. வெறும் நீரைக் குடித்தால் அதுவும் அப்படியே வெளியேறிவிடும். ஆனால் குடற்சுவரில் ஒரு வாயில் உண்டு. குளுக்கோசும் உப்பிலுள்ள சோடியமும் கைகோத்து இணையாக வந்தால் மட்டுமே அது திறக்கும். அவை நுழைந்தால் நீரும் பின்னே செல்லும். காலரா நஞ்சு எத்தனையோ சேதம் செய்தாலும் இந்த வாயிலை அடைப்பதில்லை. இணைந்து நுழையும் இந்த முறையை 1960இல் விளக்கியவர் ராபர்ட் கிரேன் என்னும் அறிவியலாளர். டாக்காவில் 1968இல் டேவிட் நளின், ரிச்சர்ட் கேஷ் என்னும் இளம் மருத்துவர்கள் நோயாளிகளின் படுக்கையருகே அதை மெய்ப்பித்தனர். இவர்களுக்கெல்லாம் முன்னரே, 1953இல், கல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி 186 காலரா நோயாளிகளுக்கு இத்தகைய கரைசலை வாய்வழியே கொடுத்துக் குணம் கண்டதை 'லான்செட்' இதழில் எழுதியிருந்தார். ஒப்பீட்டு ஆய்வு இல்லை, காரணமும் விளங்கவில்லை என்பதால் உலகம் அதைக் கவனியாது கடந்தது. அது முற்றிலும் நியாயமற்ற காரணமென்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் மறுபடி சோதித்துப் பார்க்கவாவது யாரேனும் முன்வந்திருக்கலாமே என்ற எண்ணம் நம்மை விடுவதில்லை. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் எத்தனை தொட்டில்கள் வெறுமையாயின!

போங்காவுக்குப் பிறகும் ஐயம் தீரவில்லை. அந்த அனுபவம் கட்டுரையாக அச்சேற 1973 ஆயிற்று. பயிற்சியற்ற உறவினர் கையில் மருத்துவத்தை ஒப்படைப்பதா என்று வல்லுநர் பலர் முகம் சுளித்தனர். குருக்களாகிய நமக்கு இந்த முகச்சுளிப்பு அந்நியமன்று. பொதுநிலையினர் கையில் எதை விட்டாலும் கெட்டுவிடும் என்று அஞ்சியே நாமும் பல ஆண்டுகள் வாழ்ந்தோம்! உலக நல நிறுவனத்தின் திமான் பரூவா போன்ற சிலர் முகாமுக்கே வந்து பார்த்து இம்முறைக்காக வாதாடினர். 1978இல் அதே 'லான்செட்', இந்நூற்றாண்டின் தலைசிறந்த மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று எழுதியது.

இவ்வளவு எளிய ஒன்றை ஏற்க மனிதனுக்கு ஏன் இத்தனை தயக்கம்? விவிலியத்தில் சிரியாவின் படைத்தலைவன் நாமானை நினைத்துக்கொள்கிறோம். தொழுநோய் தீர வெள்ளியும் பொன்னும் பட்டாடையும் குதிரைகளுமாக வந்தவன் அவன். எலிசா வெளியே வந்துகூடப் பார்க்கவில்லை. யோர்தானில் ஏழுமுறை மூழ்கு என்று ஆளனுப்பிச் சொன்னார். நாமானுக்குச் சினம் பொங்கிற்று. தன் நாட்டு ஆறுகளை விட இந்த ஓடை உயர்ந்ததா என்று திரும்பிவிட்டான். கடினமான ஒன்றைச் சொல்லியிருந்தால் செய்திருப்பீரே, எளியதைச் செய்யலாகாதா என்று அவனைத் திருப்பியவர்கள் அவனுடைய வேலைக்காரர்கள். அவர்கள் வாய்திறவாமல் இருந்திருந்தால் நாமான் தன் தகுதிக்குக் குறைவு வராமல், நோயோடு ஊர் திரும்பியிருப்பான்.

பழங்கதை என்று ஒதுக்க வேண்டா. கர்நாடகத்திலும் பீகாரிலும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மருத்துவம் பார்ப்போரிடையே நடந்த ஓர் ஆய்வு 2024இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. குழந்தைக்குப் பேதி என்று வந்தால் இந்தக் கரைசலே முதல் மருந்து என்று அவர்களில் பெரும்பாலோர் அறிவர். அறிந்தும் பலர் எழுதிக் கொடுப்பதில்லை. ஏன்? சரக்கு இருப்பில் இல்லாமையும் ஆதாய ஆசையும் சிறு காரணங்களாகவே தென்பட்டன. பெருங்காரணம், நோயாளி இதை விரும்பமாட்டார் என்ற மருத்துவர்களின் எண்ணம். எழுதப்படாமையில் நூற்றுக்கு 42 பங்கு அதனால் விளைந்தது என்று ஆய்வாளர் கணக்கிட்டனர். 'ஊசி போடவில்லையா டாக்டர்?' என்று கேட்கும் நம் வாயை அவர் முன்கூட்டியே கேட்டுவிடுகிறார். ஆகவே தேவையற்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை குழந்தையின் வயிற்றுக்குள் போகிறது.

வணிகர்களோ இந்தக் கரைசலின் பெயரை மட்டும் விரும்பினார்கள். சர்க்கரை மிகுந்த பானங்களை வண்ணப் பெட்டிகளில் அடைத்து, 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்துகளைப் பெயரோடு ஒட்டி மருந்துக் கடைகளிலேயே விற்றனர். மிகுந்த சர்க்கரை பேதியைக் கூட்டவல்லது என்பதை வாங்கிய தாய் எங்ஙனம் அறிவாள்? ஐதராபாத்தைச் சேர்ந்த பெண் குழந்தை மருத்துவர் ஒருவர் பல ஆண்டுகள் ஏறத்தாழத் தனியராய்ப் போராடினார். அதன்பின் 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், உலக நல நிறுவனத்தின் அளவுக்கு ஒவ்வாத பானங்கள் அந்த எழுத்துகளைத் தாங்கக் கூடாதென ஆணையிட்டது. இதுவும் சில்லறை விஷயந்தானா?

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் நமது பங்கின் சமூகக்கூடம் கட்டப்பட்டபோது வங்கத் தொழிலாளர் சிலர் குடும்பத்தோடு தகரக் கொட்டகையில் தங்கியிருந்தனர். ஐப்பசி மழை. ஓரிரவு பத்து மணிக்கு மேல் ஓர் இளம்பெண் இரண்டு வயதுக் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பங்கு இல்லத்தின் படியேறி வந்தாள். குழந்தையின் கண்கள் உள்ளே போயிருந்தன. அவள் "நுன், நுன்" என்றாள். வலக்கையின் மூன்று விரல்களைக் குவித்துக் காட்டிக் காட்டி அழுதாள். பேரவைக் கூட்டம் முடிந்து நாங்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தோம். விரல்களைக் குவித்ததைக் கண்டு, சோறு கேட்கிறாள் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் இரக்கத்தோடு நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். வேறொருவர் 108க்குத் தொலைபேசினார். இங்கே வைத்துக் குழந்தைக்கு ஏதேனும் ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்ற பேச்சும் எழுந்தது. அதைக் கேட்டவர்களில் நாமும் ஒருவர், மறுக்கவில்லை.

பங்கு இல்லத்துச் சமையற்கார அம்மா உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு வங்கமொழி தெரியாது. "உப்பு கேக்குது சாமி, விரலைப் பாருங்க" என்று உப்பு ஜாடியையும் சர்க்கரை டப்பாவையும் கொண்டுவந்து வைத்தார். அந்தப் பெண் காய்ச்சிய நீரைக் கேட்டு வாங்கி, மூன்று விரல் உப்பு இட்டு, கைப்பிடி சர்க்கரை சேர்த்து, நாவில் வைத்துப் பார்த்தாள். கண்ணீரை விடக் கரித்தல் ஆகாது என்பது அதற்குரிய அளவு. பிறகு கரண்டி கரண்டியாய்ப் புகட்டினாள். வாந்தியெடுத்தபோது சற்று நிறுத்தி, மீண்டும் புகட்டினாள். ஆம்புலன்ஸ் வந்தபின்னும் வண்டிக்குள் அவள் கை நிற்கவில்லை. குழந்தை பிழைத்தது. வழியில் புகட்டி வந்தது நல்லதாயிற்று என்று மருத்துவர் சொன்னார். இறையியல் பட்டம் பெற்ற நாமும், பேரவைப் பெரியோர்களும் அவளுக்கு உதவ நின்றிருந்தோம். அவளுக்கு வேண்டியிருந்ததோ ஒரு சிட்டிகை உப்பு.

அந்த மூன்று விரலின் வரலாற்றை நாம் பின்னரே தேடிப் படித்தோம். வங்கதேசத்தில் 'பிராக்' என்னும் அமைப்பு 1980 முதல் 1990 வரை வீடு வீடாகச் சென்று தாய்மாருக்கு இதைக் கற்பித்தது. பொட்டலம் எட்டாத சிற்றூர்களுக்காக, மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் நீர் என்று வீட்டுப் பொருளிலேயே அளவை வகுத்தனர். ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை எட்டினர். ஊதியம் கொடுத்த விதம் நம் பங்குகளுக்கும் பாடமாகும். சில வாரம் கழித்து வேறொருவர் சென்று, கற்ற தாய்மாரில் சிலரைக் கேட்டுப் பார்ப்பார். அவர்களுக்கு நினைவிருக்கும் அளவைப் பொறுத்தே கற்பித்தவருக்குக் கூலி. மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும், ஏன், மறையுரையாளராகிய நமக்கும் இப்படி ஊதியம் தந்தால் எத்தனை பேர் பட்டினி கிடப்போமோ!

ஆயினும் அங்கும் ஓர் இடறல் நேர்ந்தது. தாய்மார் அளவைப் பிசகின்றிச் சொன்னார்கள். ஆனால் குழந்தைக்கு நோய் வந்தபோது பலர் பயன்படுத்தவில்லை. காரணம் தேடினர். கற்பிக்கச் சென்ற பணியாளருள் பலரே தங்களுக்குப் பேதி வந்தால் வேறு மருந்தை நாடினர் என்பது தெரியவந்தது. நம்பாதவர் கற்பித்ததை நம்பாமலே கேட்டிருக்கிறார்கள்! ஆண்களிடம் யாரும் பேசவில்லை என்பதும் தெரிந்தது. எனவே பணியாளருக்குக் கரைசல் வேலை செய்யும் விதம் முதலில் விளக்கப்பட்டது. பள்ளிவாசலிலும் சந்தையிலும் ஆண்களிடம் பேசப்பட்டது. பள்ளிவாசலில் உப்பும் வெல்லமும் பேசப்பட்டன என்பதை நம் மூத்தவர் கவனிக்க வேண்டுகிறோம்.

மறுபுறத்திலிருந்தும் நமக்கு ஓர் எதிர்ப்பு உண்டு. நம் இளங்குருக்கள் சிலர், "சாமி, இது ஒட்டுப்போடும் வேலை. தூய குடிநீரும் கழிவுநீர் வடிகாலும் கேட்டுப் போராடாமல் பொட்டலம் கொடுப்பது அநீதிக்குத் துணைபோவது" என்கின்றனர். குருமடத்தில் விடுதலை இறையியல் நூல்களை இரவெல்லாம் வாசித்த நாள்களில் நாமும் இதே சொற்களால் பிறரைச் சாடியவர்களே. அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. இன்றும் உலகில் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேதியால் மடிகின்றனர். நீர் சீராகாமல் இந்த எண் முற்றிலும் ஒழியாது. குடிநீருக்காக அவர்கள் ஆட்சியர் அலுவலகத்தின் முன் உட்கார்ந்தால் நாமும் அருகே அமர்வோம். ஆனால் வடிகால் கட்டப் பத்தாண்டு ஆகும். கண் உள்வாங்கிய குழந்தைக்கு இருப்பதோ சில மணி நேரம். அந்தச் சில மணி நேரத்தைப் போராட்டத்துக்கு நேர்ந்துவிட நமக்கு உரிமையில்லை. குழந்தையின் தாய் நம்மிடம் அப்படிக் கேட்கவுமில்லை. எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்ட சமாரியர் கள்வரை ஒழிக்கும் திட்டம் தீட்டவில்லை. தம்மிடமிருந்த எண்ணெயையும் திராட்சை இரசத்தையும் வார்த்தார். இரண்டு தெனாரியத்தைச் சாவடிக்காரரிடம் கொடுத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போனார்.

எளிது என்பதால் ஏனோதானோ என்று செய்யலாகாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் நீரிலேயே கலக்க வேண்டும். பாதியைக் கொட்டிக் குவளையில் கலந்தால் உப்பு மிகுந்து குழந்தைக்குக் கேடாகும். பொட்டலம் இல்லையெனில் லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. கலந்ததை ஒரு நாளுக்கு மேல் வைக்கலாகாது. தாய்ப்பாலை நிறுத்தலாகாது. குழந்தைக்குத் துத்தநாக மாத்திரையும் சேர்த்துத் தர வேண்டுமென்பது 2004 முதல் உலக நல நிறுவனத்தின் அறிவுரை. மயக்கமோ, இரத்தம் கலந்த பேதியோ, குடித்ததெல்லாம் வாந்தியோ கண்டால், விழுங்க முடிந்தால் மட்டும் புகட்டிக்கொண்டே, மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அளவுச் சொம்பு ஒன்றை நாம் அடம்பிடித்துக் கேட்டதற்குக் காரணம் இதுவே. நம் வீடுகளில் உள்ள 'ஒரு லிட்டர்' பாத்திரங்களை அளந்து பாருங்கள், திகைப்பீர்கள்.

மகலனாபிஸ் 2022 அக்டோபரில் கல்கத்தாவில் காலமானார். மறு ஆண்டு சனவரியில் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தது. வாழ்ந்த காலத்தில் அவர் பெயரை அறிந்த தமிழர் எத்தனை பேர்? நாமே அந்த ஐப்பசி இரவுக்குப் பின்னர்தான் அறிந்தோம். ஐந்து கோடிக்கும் மேற்பட்ட உயிர்களை இக்கரைசல் காத்தது என்பது பரவலாக வழங்கும் கணக்கு. அத்தனை பேரில் எவருக்கும் அதைப் புகட்டிய கை எதுவென்ற கணக்கேடு இல்லை.

வரும் ஞாயிறு மாலை பேரவை மீண்டும் கூடுகிறது. அடிக்கப்பட்ட அந்தப் பொருளை நாம் மறுபடியும் வைக்கப்போகிறோம். பொட்டலங்களைத் தர ஆரம்ப சுகாதார நிலையத்தார் இசைந்துள்ளனர். நம் சமையற்கார அம்மாவும் அன்பியத்துப் பெண்கள் மூவரும் முறைவைத்து இரவிலும் மேசையருகே இருக்க ஒப்பியிருக்கிறார்கள். மின்விளக்கு வளைவை நாம் எதிர்க்கவில்லை. மேசைக்கு மேலே ஒரு விளக்கை அதிலிருந்து திருப்பிவிட்டால் போதும். உபயதாரர் பெயர் எழுத அந்த மேசையில் இடமிராது என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறோம்.